விருந்தாளிக்குக் கட்டிய கழிவறை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் படித்த பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியர் போன் செய்தார். கம்மாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் இருக்கும் அரசுப் பள்ளி அது. பெயர் வேண்டாம். கீழே சொல்லப்போவதில் பாதி பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

"தம்பி, சிங்கப்பூர்ல இருந்து காலேஜ் பசங்க பதினஞ்சு பேரு நம்ம ஸ்கூலுக்கு வரேங்கறாங்க. ரெண்டு வாரம். இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பாங்களாம், செவுத்துல படம் வரைவாங்களாம். நம்ம பள்ளிக்கு இது ஏன் தேவைன்னு இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் லெட்டர் வேணும். உங்களுக்குத்தான் நல்லா வரும்."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெச்எம் கேட்டால் வேறென்ன சொல்வது? அன்று இரவே லேப்டாப்பைத் திறந்து "எங்கள் பள்ளிக்குத் தேவை" என்று முதல் வரியை ஆரம்பித்தேன். அந்த வரி முடியவே இல்லை. தேவை என்கிற சொல்லில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் 2002.

அப்போது நான் எட்டாவது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு மாணவர்கள் மூன்று வாரத்துக்கு எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார்கள். எந்த நாடு என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளையாக இருந்தவர்கள் எல்லாரும் எங்களுக்கு "இங்கிலீஷ்காரங்க". அவர்களில் பலருக்கு இங்கிலீஷ் தாய்மொழியே இல்லை, எங்களைப் போலவே பள்ளிக்கூடத்தில் படித்துக் கற்றுக்கொண்டவர்கள் என்பது பல வருடம் கழித்து யோசித்தபோதுதான் உறைத்தது. வந்தார்கள், பாட்டு சொல்லிக் கொடுத்தார்கள், வகுப்பறைச் சுவரில் நீலக் கடலும் ஒரு திமிங்கிலமும் வரைந்தார்கள். கடலை நாங்கள் பார்த்திருக்கிறோம், கடலூர் சில்வர் பீச். திமிங்கிலம்தான் புதுசு. அந்த மூன்று வாரமும் கணக்குப் பாடம் நடக்கவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இங்கே சொல்ல வேண்டியது திமிங்கிலத்தைப் பற்றி அல்ல, கழிவறையைப் பற்றி.

அதுவரை எங்கள் பள்ளியில் கழிவறை கிடையாது. பையன்களுக்கும் இல்லைதான், ஆனால் பையன்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. என் அக்கா அப்போது பத்தாவது. காலையில் தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்புவாள். மத்தியானம் சாப்பிட்ட பிறகும் ஒரு வாய்தான் குடிப்பாள். மாதத்தில் மூன்று நாள் "வயித்து வலி" என்று லீவு. அம்மா காரணம் கேட்க மாட்டார், அப்பா கேட்கக்கூடாது, நான் கேட்டால் அடி விழும். பத்தாவது படிக்கிற பெண் மாதம் மூன்று நாள் வகுப்பை இழந்தால் வருடத்துக்கு எத்தனை நாள் என்று கணக்கு போடத் தெரிந்தவர்கள் அந்தப் பள்ளியில் நிறைய இருந்தார்கள். யாரும் போடவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள் என்று தகவல் வந்தது. பதினோரு நாளில் கழிவறை எழும்பிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வீடு வீடாக வசூல் செய்தது. விருத்தாசலத்தில் செராமிக் வைத்திருந்த ஒருவர் வெஸ்டர்ன் கோப்பையும் வாஷ் பேசினும் கொடுத்தார். கொத்தனார் கூலி வாங்கவில்லை. மேலே சின்டெக்ஸ் தொட்டி ஏறியது. ஊரே கூடிச் செய்த வேலை, திருவிழா மாதிரி இருந்தது. நானும் செங்கல் தூக்கினேன்.

அவர்கள் போன மறுநாள் ஹெச்எம் அதைப் பூட்டிச் சாவியை மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். அடுத்த பேட்ச் வருவாங்க, பசங்க கைக்குப் போனா நாசமாயிடும் என்றார். உண்மையான காரணம் வேறு. "யாரு கழுவுறது?" என்று அவர் ஒருநாள் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. விருந்தாளிகள் இருந்த மூன்று வாரமும் காலனியிலிருந்து ஓர் அம்மா தினக்கூலிக்கு வந்து கழுவினார். பிறகு அவருக்குக் கூலி கொடுக்கக் காசில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவின் மகளும் அதே பள்ளியில்தான் ஏழாவது படித்தாள். அம்மா கழுவிய கழிவறைக்குள் மகள் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர் இல்லாமல் வேறு யாரும் கழுவலாம், நாமே கழுவலாம் என்பது ஊரில் ஒருவர் வாயிலும் வரவில்லை. சாதி இப்படித்தான் சத்தம் போடாமல் ஒரு நிர்வாகப் பிரச்சினை மாதிரி வந்து நிற்கும்.

பூட்டு அஞ்சு மாசம் தொங்கியது. ஒரு மத்தியானம் ஆறாம் வகுப்பு டீச்சர் ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டு போய் அதை உடைத்தார். அன்று என்ன நடந்தது, எந்தப் பெண்ணுக்காக என்று எங்களுக்குச் சொல்லவில்லை. டீச்சருக்கு மெமோ வந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பூட்டவில்லை. பத்தாவது, ஒன்பதாவதுப் பெண்கள் முறைவைத்துக் கழுவ ஆரம்பித்தார்கள். அக்காவுக்குப் பொதுத்தேர்வுக்கு முன் ஓரிரு மாதம்தான் அது கிடைத்தது.

வெளிநாட்டு மாணவர்கள் ஏழை நாடுகளின் கிராமப் பள்ளிகளுக்குச் சேவை செய்யப் போவது பற்றி எழுதப்பட்டவற்றில் மிகக் கோபமானது இவான் இல்லிச்சுடையது. வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரி, பிறகு மெக்சிகோவில் வாழ்ந்தவர். விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குப் போய்த் தொண்டு செய்யும் வட அமெரிக்க மாணவர்களின் அமைப்பு ஒன்று அவரைப் பேச அழைத்தது. 1968 ஏப்ரல் 20. போய், உங்கள் நல்லெண்ணம் யாருக்கு வேண்டும் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு வந்தார். நீங்கள் சுமந்து வருவது உதவியை அல்ல, உங்கள் வாழ்க்கைமுறையின் விளம்பரத்தை. மொழி தெரியாத இடத்தில் நீங்கள் செய்யும் கெடுதல்கூட உங்களுக்குப் புரியாது என்பது அவர் வாதம். மலையேற, பூக்களைப் பார்க்க, படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் முடித்தார்.

அவர் கோபத்துக்குப் பின்னணி உண்டு. 1958இல் அலெக் டிக்சன் இங்கிலாந்தில் விஎஸ்ஓ அமைப்பைத் தொடங்கி இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். 1960 அக்டோபரில் ஒரு நள்ளிரவு தாண்டிய வேளையில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடம் கென்னடி, உங்களில் எத்தனை பேர் வெளிநாடு போய் உழைக்கத் தயார் என்று கேட்டார். அடுத்த மார்ச்சில் பீஸ் கோர் பிறந்துவிட்டது. இந்தியாவுக்கும் வந்தார்கள், 1976 வரை இருந்தார்கள். கோழி வளர்ப்பு, கிணறு, பள்ளிக்கூடம் என்று கிராமங்களில் தங்கிய அமெரிக்க இளைஞர்களை நினைவு வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் இன்னும் சில ஊர்களில் இருப்பார்கள்.

இன்றைய வடிவம் வேறு. இரண்டு வருடம் இரண்டு வாரமாகிவிட்டது. சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்தில் 80 மணி நேரம் சமூகசேவை செய்யாமல் பட்டம் வாங்க முடியாது. அதை உள்ளூரிலும் செய்யலாம், வெளிநாட்டிலும் செய்யலாம். நல்ல நோக்கம்தான். ஆனால் மணிக்கணக்கு வந்துவிட்டால் கிராமம் ஒரு பாடத்திட்டத்தின் லேப் ஆகிவிடுகிறது என்பதையும் மறுக்க முடியாது. பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் 2014இல் எழுதிய கட்டுரை இணையத்தில் சுற்றியது, சிலர் படித்திருப்பீர்கள். பள்ளி நாட்களில் தோழிகளோடு தான்சானியாவுக்கு நூலகம் கட்டப் போனார். பகலில் இவர்கள் வைத்த செங்கல் வரிசை கோணலாக இருந்ததால், இரவில் உள்ளூர் ஆட்கள் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். இவர்கள் மனம் நோகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வெள்ளைக்காரர்களைத் திட்டுவது எனக்குச் சுலபம். தடுப்பது என்எஸ்எஸ். 1969இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் கேம்ப். எங்கள் இன்ஜினியரிங் காலேஜிலிருந்து 2008இல் ஐம்பது பேர் ஒரு கிராமத்துக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில்தான் தங்கினோம், அதனால் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வேப்பமரத்தடி. கோயில் வாசலைப் பெருக்கினோம், பார்த்தீனியம் பிடுங்கினோம், கண்தான ஊர்வலம் போனோம். சாயங்காலம் டம் ஷரட்ஸ். ஐந்தாம் நாள் ஒரு பாட்டி, "எப்பய்யா கெளம்புறீங்க?" என்று கேட்டார். பாசத்தில் கேட்கிறார் என்று நினைத்து, "இன்னும் ரெண்டு நாள் இருப்போம் பாட்டி" என்றேன். ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். ஐம்பது பேர் குளித்ததில் தெருவுக்கான தொட்டி காலை எட்டு மணிக்கே காலியாகிக்கொண்டிருந்தது என்பது கடைசி நாள்தான் தெரிந்தது. சர்டிபிகேட் வாங்கினேன். என் முதல் ரெஸ்யூமேயில் அது இருந்தது. தமிழ் தெரிந்தவர்கள், அதே மாவட்டத்துக்காரர்கள், நாங்களே இந்த லட்சணம். ஆக இல்லிச் சொல்லும் குற்றத்தைக் கடல் தாண்டி வருகிறவர்கள் தலையில் மட்டும் கட்ட முடியாது.

அடுத்து, கூட்டல் கழித்தல். சிங்கப்பூர் – சென்னை போகவர விமான டிக்கெட் குத்துமதிப்பாக 25 ஆயிரம் என்று வையுங்கள். பதினைந்து பேருக்கு மூன்றே முக்கால் லட்சம். கொரோனாவுக்குப் பின் 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேர வகுப்பு எடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், பட்டம் படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள். டிக்கெட் காசு மட்டும் அப்படிப் பதினைந்து பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் வரும். இதைப் பெருமையாக அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் இப்போது விருத்தாசலத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். "அந்தக் காசு டிக்கெட்டா இருக்கறதாலதான்டா காசா இருக்கு. வரவேணாம், காசா அனுப்புங்கன்னு சொன்னா ஒரு ரூபா வராது" என்றாள். சரிதான். இந்தக் கணக்கு ஸ்லைடில்தான் அழகாக இருக்கும்.

அந்த எட்டுப் பேரும் எங்கள் ஊரில் உண்மையில் சந்தோஷமாக இருந்த ஒருநாள் உண்டு. ஒரு சனிக்கிழமை அவர்களை விருத்தாசலத்தில் அப்பா வேலை பார்த்த செராமிக்குக்குக் கூட்டிப்போனார்கள். நெய்வேலி பக்கத்துக் களிமண் இருப்பதால் வளர்ந்த தொழில் அது. பொம்மை, ஜாடி, பியூஸ் கேரியர் எல்லாம் செய்வார்கள். பொம்மை செய்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்ற வேண்டும். அச்சு ஈரத்தை இழுக்கும், ஓரத்தில் மண் படியும். சரியான நேரத்தில் மீதிக் கூழைத் திரும்பக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். முந்தினால் தோல் மெலிந்து அச்சைப் பிரிக்கும்போதே கிழியும், பிந்தினால் பொம்மை கனத்துப்போய்ச் சூளையில் வெடிக்கலாம். அந்த நேரத்துக்குக் கடிகாரம் உதவாது. அன்றைய வெயில், அச்சு எத்தனை தடவை ஓடிய அச்சு, எல்லாம் சேரும். அப்பா விரலால் அச்சின் வாய் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

அவர்கள் பன்னிரண்டு பிள்ளையார் ஊற்றினார்கள், பதினொன்று போச்சு. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர் விரலைக் காட்டக் காட்ட எட்டுப் பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களிடம் எப்போதும் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு இருந்தவர்கள் அங்கே சிரிப்பதை மறந்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒட்டு வரியைச் சீவும்போது ஒரு பெண்ணின் கை நடுங்கியது. அப்பா அவள் கத்தியை வாங்கி மண் இருக்கும் பக்கம் இன்னும் சாய்த்துக் காட்டினார். என் அப்பாவை யாரும் வாத்தியாராகப் பார்த்த ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன். சாகும்வரை அந்தப் பதினொரு பிள்ளையார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வாருங்கள் என்று இல்லிச் சொன்னது இதைத்தான் என்றால், அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் இல்லிச்சைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டு ஞாபகம் வருகிறது. அவர் பேச்சு முழுக்க வருகிறவர்களை நோக்கியது. வந்தவர்கள் யார், அவர்கள் எண்ணம் என்ன, விளைவு என்ன. இந்த விவாதத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். வரவேற்கிற எங்களைப் பற்றிப் பேச்சில்லை. நாங்கள் பாவம், ஏமாந்தவர்கள், அவ்வளவுதான். அப்படி இல்லை. பதினோரு நாளில் கழிவறை கட்டத் தெரிந்த ஊர் அது. செங்கல் இருந்தது, கொத்தனார் இருந்தார், காசு புரண்டது, மனசு இருந்தது. முன்னூறு பெண் பிள்ளைகளுக்காகப் புரளாத காசு ஐந்து பெண் விருந்தாளிகளுக்காகப் புரண்டது.

பீட்டர் சிங்கர் 1972இல் வெளியான தன் புகழ்பெற்ற கட்டுரையில், கண் முன்னால் குளத்தில் மூழ்கும் குழந்தையும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பட்டினியில் இருக்கும் குழந்தையும் அறத்தின் முன் ஒன்றே, தூரம் ஒரு சாக்கு ஆகாது என்று வாதிட்டார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் தானாகவே செய்துவிடுவோம், தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் தத்துவம் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பது அதில் ஓர் எடுகோள். எங்கள் ஊரில் அது தலைகீழ். தூரத்திலிருந்து வந்தவளின் அவஸ்தையை அவள் வருவதற்கு முன்னாலேயே எங்களால் கற்பனை செய்ய முடிந்தது. அக்காவின் அவஸ்தை தினமும் கண் முன்னால் நடந்ததால் அது அவஸ்தையாகவே தெரியவில்லை, பழக்கமாகத் தெரிந்தது.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம், ஈகைக்கு ஓர் அதிகாரம், ஒப்புரவறிதலுக்குத் தனியாக ஓர் அதிகாரம். கூட வாழ்கிறவர்களுக்கு எது தகும் என்று அறிந்து செய்வது ஒப்புரவு. நாங்கள் முதலாவதில் கெட்டி. மாணவர்கள் தாங்கள் செய்வது இரண்டாவது என்று நினைத்திருந்தார்கள். மூன்றாவதைக் கருங்கல்லோடு போன அந்த டீச்சர் ஒருவர்தான் செய்தார்.

வெளியார் பார்வைக்குக் கூச்சப்படுகிற குணம் எங்களுக்கு மட்டும் இல்லை. அந்தக் கூச்சத்தை வேறு மாதிரி உபயோகித்தவர்களும் உண்டு. இலங்கையில் 1958இல் ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியர் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார். ரொடியர் என்று சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர். மாணவர்கள் அவர்களோடு தங்கி வேலை செய்தார்கள். சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. தொடக்கூடாது என்று வைத்திருந்த மக்களோடு நகரத்துப் பிள்ளைகள் போய்த் தங்கியதைச் சுற்று வட்டாரம் பார்த்தது, வெட்டிய மண்ணைவிட அதுதான் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும். எங்கள் பள்ளிக்கு வந்த எட்டுப் பேரில் ஒருவர், ஒரே ஒருவர், அந்தக் காலனி அம்மா கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊர் பதறியிருக்கும். அவர்களுக்கு அது தோன்ற வழியில்லை. கழிவறை தங்களுக்காகக் கட்டியது என்பதே அவர்களுக்குத் தெரியாது. எல்லாப் பள்ளியிலும் இருப்பது போல ஒன்று இருக்கிறது என்று நினைத்துப் போயிருப்பார்கள்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிவறை இருக்க வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளியிலும் கட்டச் சொன்னது. எங்கள் பள்ளியிலும் புதிதாக ஒரு வரிசை கட்டிவிட்டார்கள். தண்ணீர் மோட்டார் ஓடுகிற நாளில் அதில் தண்ணீர் வரும்.

இதையெல்லாம் ஒருநாள் ஹெச்எம்மிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், நான் சொன்ன பழைய ஹெச்எம் இல்லை.

"தம்பி, எனக்குத் தெரியாதா? ரெண்டு வாரத்துல எவன் இங்கிலீஷ் கத்துக்குவான்? அவங்க வந்தா கடலூர்ல இருந்து ஆபீசருங்க வருவாங்க. வந்தா மோட்டாரு சரியாகும், உடைஞ்ச காம்பவுண்டு சரியாகும். நானும் மூணு வருஷமா மனு குடுத்துட்டு இருக்கேன். பசங்க வந்து செவுத்துல என்ன வரைஞ்சா எனக்கென்ன, வரைஞ்சுட்டுப் போகட்டும்."

இதற்கு நான் தயாராக இல்லை. இல்லிச்சும் தயாராக இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். யார் யாரை உபயோகிக்கிறார்கள்? பத்தொன்பது இருபது வயசுப் பிள்ளைகள், ஏதோ நல்லது செய்யப்போகிறோம் என்று காசு சேர்த்துக்கொண்டு வருவார்கள். இங்கே அவர்களுக்கு இருக்கிற வேலை, வந்து நிற்பது. மோட்டார் ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் நம்பிக்கையை நான் இரண்டு பக்கத்தில் நல்ல இங்கிலீஷில் ஊதிவிட வேண்டும். அதே நேரம், நான் எழுத மாட்டேன் என்று கொள்கை பேசினால் மோட்டார் ஓடாது. அதன் விலையைக் கொடுக்கப்போவது நான் இல்லை, இப்போது பத்தாவது படிக்கிற பெண்கள்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது வழக்கமான கடிதம், கிராமம், வறுமை, ஆர்வமுள்ள கண்கள். படித்துவிட்டு எனக்கே கூசியது. இரண்டாவது வராதீர்கள் என்பதை நாசூக்காகச் சொன்னது, அதை அழித்துவிட்டேன். மூன்றாவதில் உள்ளதை எழுதினேன். நீங்கள் வந்தால் இங்கிலீஷ் வளராது. ஆனால் நீங்கள் வருவதால் சிலர் இந்தப் பள்ளியைத் திரும்பிப் பார்ப்பார்கள், எங்களுக்கு அதுதான் தேவை. பாட நாட்களை எடுத்துக்கொள்ள வேண்டாம், சாயங்காலமும் சனிக்கிழமையும் போதும். சுவருக்குப் பெயின்ட் அடிக்க உள்ளூரில் பெயின்டர் இருக்கிறார். பெண் பிள்ளைகள் உபயோகிக்கும் கழிவறையையே நீங்களும் உபயோகியுங்கள், தனியாக ஒன்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கழுவுகிற முறையில் உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள். விருத்தாசலத்தில் ஒருநாள் பொம்மை ஊற்றக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு ஏற்பாடு செய்கிறோம்.

ஹெச்எம்முக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கழிவறை மேட்டர் மட்டும் எடுத்துடுங்க தம்பி. அதைப் படிச்சா வராமப் போயிடுவாங்க."

"வந்தாங்கன்னா, சார்?"

"வந்தா ஊர்ல என்னைத் திட்டுவாங்க. விருந்தாளியக் கக்கூஸ் கழுவவிட்டான்னு."

அந்தப் பத்தி இன்னும் டிராஃப்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.